அரை நிமிஷத்தில் கழட்டிவிடலாம்

அரை நிமிஷக்காரர்களை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடாதீர்கள். உங்கள் தெருவில் இரண்டு பேர் இருப்பார்கள், உங்கள் சொந்தத்தில் மூன்று பேர் இருப்பார்கள். மூட்டையோ முக்காலியோ, எதையும் நாலு பேர் நடக்கிற வழியில்தான் வைப்பார்கள்; கயிறோ கம்பியோ, எதைக் கட்டினாலும் நம் கழுத்து உயரம் பார்த்துத்தான் கட்டுவார்கள்; மகள் கல்யாணத்துக்கு நட்ட பந்தக்காலைப் பேரனின் காதுகுத்துக்கும் ஆகட்டும் என்று விட்டுவைப்பார்கள்; ஏன் ஐயா இப்படி என்று கேட்டால் கோபப்படவும் மாட்டார்கள். "டெம்பரவரிதானே சார், அரை நிமிஷத்துல கழட்டிடலாம்" என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். சொல்லி வருஷக்கணக்காகும்.

இவர்களைச் சோம்பேறிகள் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. சோம்பேறி எதையும் கட்டவே மாட்டான். அவனால் யாருக்கும் தலையில் அடிபடாது. அரை நிமிஷக்காரர் கடுமையான உழைப்பாளி. கழட்டுகிற மாதிரி ஒரு பொருளை ராப்பகலாக யோசித்துச் செய்வார், கழட்டும் வசதியை மாசத்துக்கு மாசம் மெருகேற்றுவார், பால்காரரிலிருந்து சம்பந்தி வரைக்கும் யார் வந்தாலும் அதை எப்படிக் கழட்டுவது என்று விளக்குவார். ஒன்றை மட்டும் செய்ய மாட்டார். கழட்ட மாட்டார்.

பொதுவாகப் பேசினால் நம்ப மாட்டீர்கள். ஆளையே காட்டுகிறேன்.

வேங்கிக்காலில் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர் ராஜேந்திரன். சர்வேயராக இருந்து ரிடையர் ஆனவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் எத்தனையோ வரப்புச் சண்டைகளை அளவு நாடாவை நீட்டியே தீர்த்துவைத்தவர் என்பதால் அளவு விஷயத்தில் அவரிடம் யாரும் வாய் கொடுக்க முடியாது. மனைவி அருணாதேவி. ஒரே மகள் நந்தினி. அவளைத் தை மாசம் வேலூரில் அருண்பிரசாத் என்ற நல்ல பையனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். சித்திரை வந்ததும் மகளின் அறை காலியாகக் கிடப்பது ராஜேந்திரனின் கண்ணை உறுத்த ஆரம்பித்தது. ரிடையர் ஆன மனிதருக்குக் காலி அறையைக் காட்டவே கூடாது.

மனிதருக்குச் சின்ன வயதிலிருந்தே ரயில் பைத்தியம். அசல் ரயில் மாதிரியே, உள்ளங்கை நீளத்துக்கு இன்ஜின், அதற்கேற்ற பெட்டிகள், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் விற்கிறார்களே, அவற்றை வரவழைத்தார். பொம்மை ரயில் என்று சொன்னால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். 'மாடல்' என்றுதான் சொல்ல வேண்டும். நந்தினியின் அறையில் சுவரை ஒட்டி, மூன்றரை அடி உயரத்தில் பலகை அடித்து, அதன்மேல் தண்டவாளம் போட்டுக்கொண்டே வந்தார். மூன்று சுவர் முடிந்தது. நாலாவது சுவரில் என்ன இருந்தது? வாசல் இருந்தது. எல்லா அறைக்கும் இருக்கும். இதை முதலிலேயே பார்த்திருக்கலாமே என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் நான் அவருக்கு எதிர்வீட்டில் குடியிருக்க வேண்டியவன்.

"வாசலாண்ட வந்ததும் வண்டி அப்படியே பின்னால போகட்டுமே" என்று மட்டும் சொல்லிப்பார்த்தேன்.

"ஊரே மலையை முழுசா சுத்துது சார். என் வண்டி மட்டும் முக்கால்வாசி சுத்திட்டு வந்த வழியே திரும்பணுமா?" என்றார்.

திருவண்ணாமலைக்காரரிடம் இதற்குமேல் என்ன வாதாடுவது? ஆக, வாசலுக்குக் குறுக்கே ஒரு பாலம் போடுவதென்று முடிவாயிற்று. ரயில் வரும்போது பாலம் இருக்கும். மனிதர் வரும்போது பாலத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். திட்டத்தில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. திட்டத்தில் என்றுமே குற்றம் இருப்பதில்லை.

தச்சு வேலைக்கு மக்பூல் பாய் வந்தார். முதல் வேலையாக அறையின் கதவைக் கழட்டினார்கள், ஏனென்றால் அது உள்பக்கமாகத் திறந்து பலகையில் இடித்தது. கதவு மொட்டைமாடிக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றது. "அரை நிமிஷத்துல திருப்பி மாட்டிடலாம்" என்றார் ராஜேந்திரன். அடுத்து, பாலத்துக்கு நல்ல காய்ந்த பலகை வேண்டும் என்றார் பாய். வீட்டில் காய்ந்த பலகை எங்கே இருக்கிறது? நந்தினி பத்தாவதிலிருந்து காலேஜ் வரை படித்த மேசையில் இருந்தது. மேசையின் மேல்பலகையிலிருந்து எட்டு அங்குல அகலத்தில் நீளமாக ஒரு துண்டை அறுத்தார்கள். "மேசையையும் அரை நிமிஷத்துல சேத்துடலாம்" என்றார். மூன்றாவதாகத்தான் சிக்கல் வந்தது. பாலத்தைத் தாங்க வாசக்காலில் இரண்டு கட்டைகளை ஆணி அடித்துப் பொருத்தலாம் என்று பாய் உளியை எடுத்ததும் அருணாதேவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்.

"வாசக்கால்ல ஆணி இறங்கக் கூடாது பாய். மஞ்ச குங்குமம் வெக்கற எடம்."

"சரிதாம்மா" என்று பாய் உடனே உளியைக் கீழே வைத்தார். பிறகு, வாசக்காலைத் தொடாமல் உள்சுவரில் இரண்டு பக்கமும் தடித்த கட்டைகளைப் பொருத்தி, அவற்றில் பலகையின் முனை மேலிருந்து இறங்கி உட்காருகிற மாதிரி காடி வெட்டினார். வெட்டும்போது ஒரு கேள்வி கேட்டார். இந்தக் கதையே அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

"காடில ரெண்டு பக்கமும் ஒரு நூல் விட்டுடட்டுமா சார்?"

நூல் என்றால் தையல் நூல் இல்லை. தச்சர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு.

"நூலெல்லாம் விடாதீங்க பாய். ஒரு நூல் ஆடிச்சுனா ரெண்டு தண்டவாளமும் நேரா சேராது. வண்டி கவுந்துடும்."

"இப்போ மே மாசம் சார். வெயில் ஜாஸ்தி, மரம் சுண்டிப் போய் கெடக்குது. மழை வந்தா ஊதும். அப்ப எடம் கம்மியா இருக்கும்."

"முப்பத்தஞ்சு வருஷம் அளந்தவன் நானு."

நூல் விடாதே என்று நம் ஊரில் பெண்கள் கல்லூரி வாசலில் நிற்கும் பையன்களைத்தான் திட்டுவார்கள். அறுபது வயது மனிதர் ஒருவர் அந்தத் திட்டை வாங்கிக்கொண்டு, தாடியைத் தடவிக்கொண்டு, காடியை நூல் பிசகாமல் வெட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

ஒரு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாலம் போட்ட அன்று ராஜேந்திரன் அதை என் கண்ணெதிரே கழட்டிக் காட்டினார். பாலத்தின் அடியில் ஒரு ஒயர் போகிறது. பாலத்தை எடுத்தால் தண்டவாளம் முழுக்கக் கரண்ட் நின்று, சிவப்பு விளக்கு எரிந்து, வண்டி பள்ளத்தில் விழாமல் நின்றுவிடும் என்று விளக்கினார். இரண்டு முனையையும் பிடித்தார், தூக்கினார், எடுத்துவிட்டார். சத்தியமாக அரை நிமிஷம்தான் ஆயிற்று. ஆனால் திரும்ப வைத்து, இந்தப் பக்கத் தண்டவாளத்தையும் அந்தப் பக்கத் தண்டவாளத்தையும் நேர்ப்படுத்தி, வண்டி தடக்கென்று தட்டாமல் போவதற்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அரை நிமிஷக்காரர்களின் ரகசியம் இதுதான். கழட்டுகிற கணக்கை ஊருக்கெல்லாம் சொல்வார்கள். மாட்டுகிற கணக்கை மனைவிக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள்.

அன்றைக்குப் பிறகு அந்தப் பாலம் கழட்டப்படவே இல்லை. நாங்கள் குனிந்தோம்.

மூன்றரை அடிக்குக் கீழே குனிவது என்றால் சும்மா இல்லை. தலையை மட்டும் தாழ்த்தினால் போதாது, இடுப்பையும் மடக்க வேண்டும், முழங்காலையும் மடக்க வேண்டும், அந்தப் பக்கம் போய்விட்டோம் என்று நினைத்து நிமிரும்போது முதுகில் ஒரு இடி வாங்கவும் வேண்டும். அருணாதேவியின் புடவை பீரோ அந்த அறையில் இருந்ததால் அவர் ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை குனிந்தார். குனிந்து குனிந்து உடம்பே பழகிவிட்டது. ஒரு நாள் பேங்கில் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டுப் பாதி உடம்பை மடக்கிக்கொண்டு நுழைந்தாராம். உள்ளே இருந்த ஆபீசர் பதறி எழுந்து பதிலுக்குக் கும்பிட்டாராம்.

காப்பிப் பிரச்சினை தனி. வாசப்படிக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவரும் நின்றுகொண்டு எதையும் கொடுக்கவும் கூடாது வாங்கவும் கூடாது என்பது அருணாதேவியின் சட்டம். அவருக்கு வீட்டிலுள்ள எல்லா வாசப்படியும் வாசப்படிதான். ராஜேந்திரனோ வண்டி ஓடும்போது அறையை விட்டு வெளியே வர மாட்டார். ஆகவே சூடான டம்ளரோடு அருணாதேவி தினமும் இரண்டு வேளை குனிந்தார். கடைசியில் ராஜேந்திரன் ஒரு வழி கண்டுபிடித்தார். காப்பியைப் பாலத்தின் மேல் வைத்துவிட வேண்டியது. அவர் பாலத்திலிருந்து எடுத்துக்கொள்வார். "நீ எனக்குக் குடுக்கல, பாலத்துக்குக் குடுத்த. நான் உங்கிட்ட வாங்கல, பாலத்துகிட்ட வாங்கினேன்" என்றார். அருணாதேவி இரண்டு நாள் யோசித்துவிட்டு இதை ஒப்புக்கொண்டார். மூன்றாவது நாள் எக்ஸ்பிரஸ் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து டம்ளரில் மோதியது. நாலு பெட்டி டிகாஷன் வாசனையோடு ஒரு வாரம் ஓடின.

"ஏங்க, இதைக் கழட்டினா இன்னா?" என்று அருணாதேவி கேட்பார். உடனே ராஜேந்திரன் எழுந்து நிற்பார். பாலத்தைத் தொட மாட்டார். பாலத்துக்கு ஒரு சாண் மேலே, காற்றில், இரண்டு கையாலும் இல்லாத ஒரு பாலத்தைப் பிடித்து, மெல்லத் தூக்கி, திரும்பி, இல்லாத ஒரு மூலையில் பத்திரமாகச் சாய்த்துவைப்பார். "பாத்தியா? அவ்ளோதான். அரை நிமிஷம்" என்பார். பிறகு உட்கார்ந்துகொள்வார். இந்தக் காற்றுக் கழட்டலை நான் மட்டுமே நாற்பது தடவை பார்த்திருக்கிறேன். இவர்கள் எல்லோரிடமும் இந்தக் கை அசைவு உண்டு. ஆளை அடையாளம் கண்டுகொள்ள இதைவிட நல்ல குறி கிடையாது.

ஆடிக்கு நந்தினி வந்தாள். முழுகாமல் இருக்கிறாள் என்ற சந்தோஷச் செய்தியோடு வந்தாள். பையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனவள் வாசலில் நின்றுவிட்டாள். கதவு இல்லை. குறுக்கே ஒரு பாலம். குனிந்து உள்ளே போனால் நாலு பக்கமும் தண்டவாளம், நடுவில் மூடிய துணிக்கடியில் அவள் கட்டில். ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு மலை. பழைய பேப்பரைக் கூழாக்கிக் கம்பி வலைமேல் பூசி, பச்சையும் பழுப்பும் அடித்து, ராஜேந்திரன் செய்த மலை அது. அச்சு அசலாக நம் மலைதான். அந்த ஜன்னல் வழியாகத்தான் இத்தனை வருஷமாக நிஜ மலை தெரிந்துகொண்டிருந்தது. இப்போது பேப்பர் மலை அதை மறைத்துக்கொண்டு நின்றது.

"என் மேசை எங்கப்பா?" என்று கேட்டாள்.

"அதும் மேலதான் கை வெச்சுக்கினு நிக்கற" என்றார்.

அவள் குனிந்து பார்த்தாள். பாலத்தின் ஓரத்தில், பதினொன்றாவதில் காம்பஸ் முள்ளால் அவள் கீறிய 'நந்தினி' என்ற எழுத்து அப்படியே இருந்தது. அப்பா அவசரமாக இன்னொன்றைக் காட்டினார். ஒரு சின்ன ஸ்டேஷன், மஞ்சள் பலகை, அதில் 'நந்தினி ஜங்ஷன்'. "ரூம் என்னுதாவே இருந்தா ஸ்டேஷன் எதுக்குப்பா எனக்கு?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். அன்று ஹாலில் பாய் விரித்துப் படுத்தாள்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று நானும் அங்கே இருந்தேன். அப்பா எதிரில் உட்கார்ந்து அவள் நிதானமாகச் சொன்னாள்: "அங்க எல்லாரும் நல்லவங்கதாம்பா. ஆனா ரெண்டே ரூமு, எந்நேரமும் யாராவது வந்து போயினு இருப்பாங்க. வளைகாப்பு முடிச்சு நான் இங்க வரும்போது என் ரூம்ல, கதவ சாத்திக்கினு, என் கட்டில்ல படுத்து ஜன்னல் வழியா மலையப் பாக்கணும். வேற ஒண்ணும் கேக்கல."

"இது ஒரு விஷயமாம்மா?" என்றார் ராஜேந்திரன். எழுந்தார். காற்றில் கையை நீட்டிப் பாலத்தைத் தூக்கினார், திரும்பினார், சாய்த்துவைத்தார். நந்தினி அந்தக் காலி மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

ஆவணியில் அருணாதேவி ஞாபகப்படுத்தினார். இன்னும் மூணு மாசம் இருக்குதே என்று பதில் வந்தது. புரட்டாசியில் டாக்டர் நந்தினியைக் குனியவே கூடாது என்று சொல்லிவிட்டதாக போன் வந்தது. குனிய வேண்டாம், நான்தான் கழட்டிடப்போறேனே என்று பதில் வந்தது. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் வீட்டு பாத்ரூம் கதவு சாத்த மறுத்தது, பீரோ டிராயர் திறக்க மறுத்தது, உங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆகியிருக்கும். அருணாதேவி இந்தத் தடவை குரலை உயர்த்தினார். "அவ வர்றதுக்கு முந்தின நாளாவது கழட்டிடுங்க." அரை நிமிஷ வேலைக்கு முந்தின நாள் எதுக்கு என்று ராஜேந்திரன் கேட்டார். கணக்குப்படி பார்த்தால் அவர் கேட்டது சரிதான், இல்லையா?

வளைகாப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலூரில் நடந்தது. சாயங்காலம் நாலரை மணிக்கு நல்ல மழையில் கார் வந்து நின்றது. ஆரத்தி கரைத்து வைத்திருந்தோம். கை நிறைய கண்ணாடி வளையல், காதோரம் பூ, கன்னத்தில் காய்ந்த சந்தனம், இரண்டரை மணி நேரம் குலுங்கி வந்த களைப்பு. நந்தினி ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இறங்கினாள். ஆரத்தி முடிந்தது. "கொஞ்ச நேரம் சாயணும்மா" என்று சொல்லிக்கொண்டே நேராகத் தன் அறைக்குப் போனாள். வாசலில் பாலம்.

"ஒதுங்குங்க, ஒதுங்குங்க" என்று ராஜேந்திரன் முன்னால் வந்தார். சட்டைக் கையை மடித்தார். பாலத்தின் இரண்டு பக்கமும் பிடித்தார். தூக்கினார்.

பாலம் வரவில்லை.

மறுபடி தூக்கினார். ஒரு முனையைத் தூக்கினார், மறுமுனையைத் தூக்கினார், உள்ளே போய் அந்தப் பக்கத்திலிருந்து தூக்கினார், என்னைக் கூப்பிட்டு ஒரு பக்கம் தூக்கச் சொல்லி மறுபக்கம் அவர் தூக்கினார். மே மாசம் அறுத்த பலகை ஐப்பசி மழையைக் குடித்து, காடியைப் பிடித்த பிடி விடாமல் உட்கார்ந்திருந்தது. தேங்காய் எண்ணெய் ஊற்றினோம். மெழுகுவர்த்தி தேய்த்தோம். துண்டைச் சுற்றிச் சுத்தியால் கீழிருந்து தட்டினோம். மாப்பிள்ளை அருண்பிரசாத் மெதுவாக, "மாமா, நான் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?" என்றார். "நீங்க உக்காருங்க மாப்பிள்ளை, அரை நிமிஷம்" என்றார் மாமனார். அப்போது இருபது நிமிஷம் ஆகியிருந்தது.

பிறகு அவர் செய்ததுதான் பெரிது. உள்ளே போய் அளவு நாடாவை எடுத்துவந்தார். பலகையின் அகலத்தை அளந்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தார். "எட்டங்குலம் ஒரு நூல். மே மாசம் கரெக்டா எட்டு. ஒரு நூல் வளந்திருக்குது சார்" என்று என்னிடம் சொன்னார். புது விஷயத்தைக் கண்டுபிடித்த சந்தோஷம் அந்த முகத்தில் தெரிந்தது. எனக்கு அவரை அந்தக் காடியிலேயே சொருகிவிடலாம் போலிருந்தது.

நந்தினி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், தன் அறைக்கு வெளியே, முதுகை நிமிர்த்த முடியாமல் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. கோபமாகவும் இல்லை. விருந்தாளி கேட்கிற மாதிரி தன்மையாகக் கேட்டாள்.

"அம்மா, நான் வேலூருக்கே போயிடட்டுமா?"

நாடா சர்ரென்று பெட்டிக்குள் சுருட்டிக்கொண்டது. அருணாதேவி புருஷனைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நானே தலையைக் குனிந்துகொண்டேன்.

ராஜேந்திரன் போனை எடுத்து மக்பூல் பாயைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது. நடந்ததைக் கேட்டுவிட்டு, நான் அன்னைக்கே சொன்னேனே என்று பாய் சொல்லவில்லை. அவர் அரை நிமிஷக்காரர் ஜாதி இல்லை.

"ஒரே வழிதான் சார். நடுவுல அறுத்துடுங்க. அறுத்தா ரெண்டு பாதியும் தானா வெளிய வந்துடும்."

"அறுக்கறதா பாய்?"

"பாப்பா நின்னுனு இருக்குதா, உக்காந்துனு இருக்குதா?"

ராஜேந்திரன் போனை வைத்துவிட்டார். பாலத்தின்மேல் இருந்த தண்டவாளத்தை மட்டும், முள் எடுக்கிற மாதிரி, ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி எடுத்தார். ரம்பத்தைக் கொண்டுவந்தார். என்னை அறுக்கச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. நடுவில் அளக்காமல், கோடு போடாமல் ரம்பத்தை வைத்தார். அவர் வாழ்க்கையிலேயே அளக்காமல் எதையாவது வெட்டியது அன்றுதான் என்று நினைக்கிறேன். பாதி அறுப்பதற்குள் அடியில் ஒயர் அறுந்து அறை முழுக்கச் சிக்னல்கள் சிவப்பாக எரிந்தன. "சேஃப்டி வேலை செய்யுது" என்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டார், பாவம். மரத்தூள் வாசப்படியில் விழுந்தது. கீறியிருந்த பெயரில் 'நந்' ஒரு பக்கமும் 'தினி' ஒரு பக்கமும் ஆயின. இரண்டு பாதியையும் ஆட்டி ஆட்டி உருவினார்.

அருண்பிரசாத் நல்ல பையன்தான், ஆனால் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர். கையில் கட்டியிருந்த வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "அறுத்தது மட்டும் இருபத்தொம்பது செகண்ட் மாமா" என்றார்.

முதலில் நந்தினிதான் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வளையலெல்லாம் குலுங்கச் சிரித்தாள். அருணாதேவி சிரிக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டு சிரித்தார். ராஜேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாலத்துக்காகவா மகளுக்காகவா என்று கேட்காதீர்கள், இரண்டுக்கும்தான். நந்தினி எழுந்து, குனியாமல், நேராக நடந்து தன் அறைக்குள் போனாள். பின்னாலேயே போன ராஜேந்திரன் ஜன்னலில் இருந்த பேப்பர் மலையை அப்படியே இரண்டு கையாலும் அள்ளித் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. ஜன்னலில் நிஜ மலை மேகத்தோடு நின்றது. நானும் மாப்பிள்ளையும் மொட்டைமாடிக்குப் போய்க் கதவைக் கொண்டுவந்தோம். அதுவும் ஊதியிருந்தது, பாய் மறுநாள் வந்து ஒரு நூல் இழைத்து, பலகையில் இடிக்காமல் வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார்.

கதை இங்கே முடிந்திருந்தால் ராஜேந்திரன் திருந்தினார் என்று சொல்லிவிட்டு நானும் போயிருப்பேன்.

தை மாசம் நந்தினிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாசம் கழித்துக் குழந்தையைப் பார்க்கப் போனேன். அறையில் தண்டவாளங்கள் அதே பலகையில்தான் இருந்தன. வண்டி முக்கால்வாசி சுற்றிவிட்டு, வாசலருகே வந்து நின்று, வந்த வழியே பின்னால் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்க்கத்தான் எட்டிப் பார்த்தேன். உள்ளே போக முடியவில்லை. வாசலில் தூளி தொங்கியது. வாசக்காலின் மேலே இரும்புக் கம்பி ஒன்றைக் குறுக்கே கொடுத்து, அதில் அருணாதேவியின் பழைய நூல்புடவையைக் கட்டி, புடவை சுருங்காமலிருக்க நடுவில் ஒரு கட்டையை வைத்திருந்தார்கள். கட்டை மக்பூல் பாய் இழைத்தது. அதன் ஓரத்தில் 'தினி' என்று இருந்தது. வாசக்காலின் இரண்டு பக்கமும் கம்பியைத் தாங்க இரண்டு பெரிய ஆணி இறங்கியிருந்தது.

"இன்னாம்மா, வாசக்கால்ல ஆணி?" என்று கேட்டேன்.

"கொழந்தைக்குக் காத்து வர்ற எடம் இதான் அண்ணே" என்றார் அருணாதேவி.

"ரூமுக்குள்ள எப்படிப் போறது?"

அருணாதேவி எழுந்தார். தூளியைத் தொடவில்லை. தூளிக்கு ஒரு சாண் மேலே, காற்றில், இரண்டு கையாலும் இல்லாத ஒரு முடிச்சை அவிழ்த்தார், இல்லாத ஒரு புடவையை மடித்தார், பக்கத்தில் வைத்தார். "கொழந்தை தவழ ஆரம்பிச்சா எடுத்துடப்போறோம். அரை நிமிஷம்" என்றார். உள்ளேயிருந்து ராஜேந்திரன் தூளிக்கு அடியில் முழங்காலை மடக்கி, முதுகைச் சுருக்கி, காப்பி டம்ளரோடு வெளியே வந்துகொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு குறையும் இல்லை.

நான் வீட்டுக்கு வந்தேன். எங்கள் மாடிப்படியின் மூன்றாவது படியில் இரண்டு சிமென்ட் மூட்டை இருக்கிறது. மதில் சுவர் வேலைக்கு வாங்கியது. கல்லாக இறுகி மூன்று வருஷமாகிறது. என் மனைவி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டி ஏறினாள். தாண்டுவது அவளுக்கே தெரியவில்லை. அவள் என்றைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பதுதான் இத்தனை நாள் எனக்கு இருந்த தைரியம்.

உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று நினைக்கிறீர்கள். சந்தோஷம். நீங்கள் கட்டியதை உங்கள் கண்ணால் பார்க்க முடியாது. வீட்டில் மற்றவர்கள் எங்கே குனிகிறார்கள், எங்கே ஒதுங்குகிறார்கள், எங்கே காலைத் தூக்கிவைக்கிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். இதை வைத்துவிட்டு எழுந்து போய் ஒரு தடவை பார்த்துவிடுங்களேன்.

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறீர்களா? சரிதான். அரை நிமிஷ வேலைதானே.